வெள்ளிக்கிழமை வாய்தா

டிசம்பர் பதினேழு, திங்கட்கிழமை, காலை ஆறேகால். எல்லாரும் சிஸ்டர் என்று கூப்பிடும் நர்ஸ் சுவரோர வால்வைத் திறந்தார். நான்கு டயாலிசிஸ் மெஷின்களும் முனகிக்கொண்டு விழித்தன.

மெஷின் நான்கு, நாற்காலி நான்கு, ஆள் மூன்று. நாலாவது நாற்காலி போன மாதம் காலியானது. அதன்மேல் இப்போது மடித்த போர்வைகள் இருந்தன. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஜன்னலோரம் டிரைவர். கிட்னி போகும்வரை லாரி ஓட்டியவர். நடுவில் கிளார்க். கோர்ட்டில் கேஸ் கட்டு சுமந்தே ஓய்வு பெற்றவர். கதவோரம் அவள். பாடப் புத்தகம் அச்சடிக்கும் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். டிரைவர் அவளைப் புரூஃப் அக்கா என்பார். மற்றவர்களுக்கு வெறும் அக்கா.

திங்கள், புதன், வெள்ளி. ரத்தம் ஒரு குழாயில் வெளியே போகும், சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். அது முடிய காலை முழுவதும் ஆகும். கிளார்க் இதற்கு வாய்தா என்று பெயர் வைத்திருந்தார். கேஸ் முடியாது, அடுத்த தேதி கிடைக்கும். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒவ்வொரு முறையும் மெஷினைப் பார்த்துக் கும்பிட்டு, "அடுத்த வாய்தாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது," என்பார்.

வந்ததும் முதல் வேலை எடை பார்ப்பது. இவர்கள் குடிக்கிற தண்ணீர் உடம்பை விட்டுப் போக வழியில்லை. அடுத்த முறை மெஷின் எடுக்கும்வரை உள்ளேயே நிற்கும். ஏறிய எடை அத்தனையும் தண்ணீர். தராசிடம் பொய் சொல்ல முடியாது.

"ரெண்டரை கிலோ ஏறியிருக்கு," என்றார் சிஸ்டர். "என்ன குடிச்சீங்க?"

"காத்து," என்றார் டிரைவர்.

"காத்து இவ்வளவு கனமா?"

"ஈரக் காத்து சிஸ்டர்."

கிளார்க் ஏறினார், இறங்கினார். அவள் ஏறினாள். சிஸ்டர் எழுதிக்கொண்டார். அவளுக்கு ஏறியது கொஞ்சம்தான். தாகம் எடுத்தால் ஒரு ஐஸ் துண்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு பக்கம் பக்கமாகப் பிழை திருத்துவாள். ஐஸ் கரையும்வரை விழுங்க மாட்டாள்.

ஊசி இரண்டும் ஏறின. இடது கையில் தோலுக்கடியில் ரத்தம் இரைவதை விரல் வைத்துப் பார்த்துக்கொண்டாள். ஓடுகிறது.

டி.வி.யில் நான்கு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து உலகம் அழிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மாயன் காலண்டர் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. ஐயாயிரத்துச் சொச்சம் வருஷக் கணக்கு. அவர்களுக்குப் பின்னால் ஒரு வட்டக் கல் மெதுவாகச் சுழன்றது.

"அது மாயன் கல்லு இல்ல," என்றாள் அவள். "வேற ஜனங்களோடது. படத்தை மாத்திப் போட்டிருக்காங்க."

"பார்த்தீங்களா சார், பிழை கண்டுபிடிச்சாச்சு," என்றார் டிரைவர். "அப்போ உலகம் அழியாது. சிஸ்டர், சேனலை மாத்துங்க."

"கல்லு தப்புன்னா தேதியும் தப்புன்னு ஆகிடுமா?"

டிரைவர் தலையை மட்டும் திருப்பினார். ஊசி ஏறிய கையை அசைக்கக் கூடாது.

"என்னக்கா, நீங்க இதை நம்புறீங்களா?"

"நம்புறேன்."

கிளார்க் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். அவள் இப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை. ராசி பலன் வந்தாலே டி.வி. சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறவள்.

"என் வண்டியில மீட்டர் இருந்துச்சு," என்றார் டிரைவர். "எல்லாம் ஒன்பதா வந்து நிக்கும். அடுத்த கிலோமீட்டர்ல எல்லாம் சைபர். பக்கத்துல தூங்கிட்டிருந்த கிளீனர் புரண்டுகூடப் படுக்கல. வண்டி அது பாட்டுக்குப் போச்சு. மாயன் ஆளுங்க மீட்டரும் அவ்வளவுதான்."

"வண்டி நிக்கல," என்றார் கிளார்க். "நீ நின்னுட்டியேப்பா."

டிரைவர் சிரித்தார்.

"அது இன்ஜின் கோளாறு சார். மீட்டரைச் சொல்லாதீங்க."

கிளார்க் அவள் பக்கம் திரும்பினார். "இந்தாம்மா. கோர்ட்டுல வருஷம் முடிஞ்சா புது டைரி வாங்குவோம். நிலுவைக் கேஸெல்லாம் அப்படியே அதுல ஏறும். டைரி தீர்ந்துபோச்சுன்னு ஒரு கேஸும் தீர்ந்ததில்ல."

"எல்லா கேஸும் ஒருநாள் முடியத்தானே வேணும் சார்?"

"எங்க முடியுது? பாதி கேஸ்ல கட்சிக்காரன்தான் முடிவான்."

டிரைவர் மறுபடி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ஒவ்வொருத்தரா போறதுலதான் சார் எல்லாச் சிக்கலும். எல்லாரும் ஒரே நாள்ல போயிட்டா யாரும் யாரைப் பார்த்தும் அழ வேண்டாம். யாருக்காகவும் யாரும் எதையும் குடுக்க வேண்டாம்."

அவள் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்த சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குத் தெரியும்.

அதே வெள்ளிக்கிழமைதான் அவளுக்கும் முடிவு வருகிறது.

அவளுடைய தம்பி லிஃப்ட் மெக்கானிக். அம்மா போனபோது அவன் ஸ்கூல் பையன். அவள்தான் சமைத்துப் போட்டாள், பரீட்சைக்கு எழுப்பினாள், வேலைக்கு முதல் நாள் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். இந்த வருஷம் அவன் ஒருநாள் வந்து, "என்கிட்ட ரெண்டு இருக்குக்கா, ஒண்ணு சும்மாதானே கிடக்கு," என்றான். அவள் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் முதல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். ஒவ்வொன்றாகத் தேறினான். மிச்சம் ஒன்று, அதன் முடிவுதான் வெள்ளிக்கிழமை. அவன் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பார்கள். இரண்டும் சண்டை போடாவிட்டால் ஒத்துப்போகிறது என்று அர்த்தம்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, தம்பி மனைவி வந்திருந்தாள். இடுப்பில் மூத்தது. வயிற்றில் ஐந்து மாதம். குழந்தையைக் கட்டிலில் தூங்க வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினாள்.

"வச்சிடும்மா, நான் பார்த்துக்கிறேன்."

"இருக்கட்டும் அண்ணி."

குழாய் திறந்திருந்தது. தம்பி மனைவி திரும்பாமலே கேட்டாள்.

"அண்ணி, டாக்டரே ஒத்துப்போகலன்னு சொல்லிட்டா, அது யாரு தப்பும் இல்லல்ல?"

பிழை திருத்துகிறவளுக்கு அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சுடும்," என்றாள்.

"கயித்துல தொங்குற வேலை அவருக்கு. வெயிட் தூக்குற வேலை." தட்டிடம் சொல்வதுபோலச் சொன்னாள். "அதான், பயமா இருக்கு."

பாத்திரம் தீர்ந்தது. குழாயை மூடவில்லை. காலித் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. பின்னால் நின்றவள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

புதன்கிழமை டிரைவர் செய்தித்தாள் துண்டு ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். எங்கேயோ ஒருவர் மலையுச்சியில் வீடு கட்டி, டப்பா டப்பாவாகச் சாப்பாடு அடுக்கி, குடும்பத்தோடு கதவைப் பூட்டிக்கொண்டாராம்.

"எல்லாம் அழிஞ்சப்புறம் இந்தாளு மட்டும் கதவைத் திறந்து வெளிய வந்து யாரோட பேசுவாரு?" என்றார்.

"வரி கேட்டு எவனாவது நிப்பான்," என்றார் கிளார்க். "அவனுக அழிய மாட்டானுக."

"சார், நீங்க சொல்லுங்க. நாளன்னிக்கு நெசமாவே முடியுதுன்னு வைங்க. நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

கிளார்க் யோசிக்கவே இல்லை.

"வாழைப்பழம். ரெண்டு."

"ரெண்டு தின்னீங்கன்னா உலகம் அழியுதோ இல்லையோ, நீங்க போய்ச் சேர்ந்துடுவீங்க," என்றார் சிஸ்டர். "உங்க பொட்டாசியம் ரிப்போர்ட்டை நான்தானே பார்க்கிறேன்."

"நான் தண்ணி குடிப்பேன்," என்றார் டிரைவர்.

மெஷின்கள் மட்டும் ஓடின.

"வெயில்ல வண்டியை ஓரம் கட்டிட்டு, ரோட்டோரக் குழாய்ல அப்படியே வாயை வைப்போம் பாருங்க. மூக்குல ஏறும், சட்டை நனையும். நிறுத்த மனசு வராது. வயிறு போதும்னாலும் தொண்டை போதும்னு சொல்லாது. அப்படி ஒருதடவை."

அவர் சொல்லி முடித்ததும் மூன்று பேரும் எச்சில் விழுங்கப் பார்த்தார்கள். விழுங்க எச்சில் இல்லை.

"நீதானே உலகம் அழியாதுன்னு சொன்னே," என்றார் கிளார்க். "மீட்டர் கதையெல்லாம் சொன்னே."

"அழியாது சார். ஆனா அக்கா அழியும்ங்கிறாங்க. அவங்க படிச்சவங்க. ஊரு புத்தகத்துல தப்பு பிடிக்கிறவங்க. அவங்க சொல்றப்ப கொஞ்சமாவது இடம் குடுக்கணும்ல?"

"தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன, அப்படியா?" என்றார் சிஸ்டர். "உங்களுக்குத் தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்தாலே போதும், மூச்சு நின்னுடும். பூனை கண்ணை மூடிக்கிட்டு பூலோகமே இருண்டுடுச்சுன்னு நெனைச்சுதாம். இங்க மூணு பூனையை வச்சுக்கிட்டு நான் மாரடிக்கிறேன்."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன் சிஸ்டர்."

"பேச்சோட இருக்கட்டும்."

டிரைவர் கதவுப் பக்கம் பார்த்தார். "அக்கா, நீங்க சொல்லலையே? நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"போனை அணைச்சு வச்சிடுவேன்."

இது வேடிக்கையா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கிளார்க் கண்ணாடியைத் துடைத்தார்.

மெஷின் நேரம் காட்டும் இடத்தில் சைபர் வந்து ஒலித்தது. முதலில் கிளார்க்குக்கு, பிறகு டிரைவருக்கு, கடைசியில் அவளுக்கு. "அடுத்த வாய்தாவுக்கு ஒத்திவைக்கப்படுகிறது," என்று கும்பிட்டார் கிளார்க். இருவரும் போனார்கள்.

அவள் பஞ்சை ஊசித் துளைமேல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் நின்றுவிட்டது. அவள் எழவில்லை. சிஸ்டர் மெஷினுக்குள் கழுவும் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க."

"ஒத்துப்போச்சுன்னாலும் ஒத்துப்போகலன்னு சொல்ல முடியுமா?"

"யாருகிட்ட?"

"அவன்கிட்ட. எல்லார்கிட்டயும்."

சிஸ்டர் பாட்டிலை மூடினார். கையுறையைக் கழற்றினார்.

"தர்றதுக்கு உங்க தம்பிக்குப் பயம்னு அவர் வந்து எங்ககிட்ட ரகசியமா சொன்னா, டாக்டர் ஏதாவது காரணம் சொல்லி அவரைக் காப்பாத்துவாரு. அது வழக்கம்தான். ஆனா அவர் பயப்படல. அந்தப் பொய் உங்களுக்குக் கிடைக்காது. கிட்னி வேண்டாம்னா, வேண்டாம்னு சொல்லுங்க. உங்க உடம்பு, யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனா அதை நீங்கதான் சொல்லணும். உங்க வாயால."

"வேண்டாம்னா ஏன்னு கேப்பான்."

"கேக்கத்தான் செய்வாரு."

"அவன் பொண்டாட்டி சொல்லித்தான் வேண்டாம்ங்கிறேன்னு கண்டுபிடிச்சுடுவான். அந்தப் பொண்ணை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். சரின்னு சொன்னா, நாளைக்கு அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட அவ என்னைத்தான் பார்ப்பா. வாயால சொல்லவே மாட்டா. பார்ப்பா."

சிஸ்டர் கழற்றிய கையுறையைக் கூடையில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை அழிஞ்சா எதையும் சொல்ல வேண்டியதில்ல," என்றாள் அவள். பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது.

"பயந்துட்டான்," என்றார் கிளார்க். "பெரிய மீட்டர் கதை சொன்னானே."

சிஸ்டர் டிரைவர் வீட்டுக்கு போன் செய்தார். அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மற்ற இருவருக்கும் ஊசி ஏற்றினார். டி.வி.யில் ஒரு மூலையில் நேரம் குறைந்துகொண்டே வந்தது. சத்தத்தை அணைத்திருந்தார். அதே நான்கு பேர், அதே மேஜை. இன்று எல்லாரும் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

கிளார்க் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு போர்வைகள் அடுக்கிய நாற்காலியைப் பார்த்தார்.

அரை மணி கழித்துக் கதவு இடித்துத் திறந்தது. சக்கர நாற்காலியில் டிரைவர். பின்னால் தள்ளிக்கொண்டு அவர் மனைவி, ஒரு காலில் செருப்பில்லாமல். டிரைவர் முன்னால் குனிந்து இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு நீலம். கண்ணிமை உப்பியிருந்தது. ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

சிஸ்டர் தராசைப் பார்க்கவே இல்லை. ஆக்ஸிஜனை மூக்கில் மாட்டினார், டாக்டரைக் கூப்பிட மணியை அடித்தார், நாற்காலியை நிமிர்த்தினார், அவர் கையைப் பிடித்து இரண்டு ஊசியையும் முதல் முயற்சியிலேயே ஏற்றினார்.

"எவ்வளவு குடிச்சாரு?"

"தெரியல சிஸ்டர்." மனைவி அழவில்லை. அவளுக்கும் மூச்சு வாங்கியது. "நேத்து சாயங்காலம் குடத்துப் பக்கத்துல போய் உட்கார்ந்தாரு. சிரிச்சுக்கிட்டே குடிச்சாரு. வேண்டாம்னு பிடுங்கினேன். வெள்ளிக்கிழமை எப்படியும் மெஷினுக்குப் போகப்போறேன், இல்ல உலகமே போகப்போகுது, ரெண்டுல ஒண்ணு எடுத்துடும் விடுடின்னாரு. நானும் சிரிச்சுட்டேன். அவர் அப்படிச் சிரிச்சுப் பார்த்து ரொம்ப நாளாச்சு."

டாக்டர் வந்தார். இளம் வயது. மெஷினில் எண்களை மாற்றினார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், அங்கேயே நின்றார். கிளார்க் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. அவள் டிரைவரையே பார்த்தாள். வேறெங்கும் பார்க்க முடியவில்லை. நம்புறேன் என்று திங்கட்கிழமை அவள் சொன்ன வார்த்தை, அவள் சொன்ன அதே குரலில் காதுக்குள் இருந்தது.

மெஷின் தண்ணீரை இழுத்தது. மெதுவாகத்தான் இழுக்க முடியும். அவசரப்பட்டால் அழுத்தம் விழும்.

கொதிக்கிற சத்தம் முதலில் குறைந்தது. பிறகு உதட்டில் நிறம் வந்தது. டாக்டர், "பிழைச்சுக்குவாரு. ஆனா ரெண்டு நாள் வார்டுல இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மனைவி சுவரோரம் தரையில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலை இன்னொரு கால்மேல் போட்டு மறைத்துக்கொண்டாள்.

டிரைவர் கண் திறந்தார்.

"ஏம்ப்பா," என்றார் கிளார்க். "அறிவிருக்கா உனக்கு?"

"இருந்தா லாரி ஏன் சார் ஓட்டியிருப்பேன்."

அவள் கேட்டாள். "நான் சொன்னதை நம்பிட்டீங்களா?"

டிரைவர் ஆக்ஸிஜன் குழாயை விலக்கப் பார்த்தார். சிஸ்டர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இல்லக்கா." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "ஒரு நிமிஷம்கூட நம்பல. குடிக்கணும்னு இருந்துச்சு. ஒரு சாக்கு வேணும்ல. நீங்க குடுத்தீங்க. எடுத்துக்கிட்டேன்."

"தப்பு என் மேல."

"அட விடுங்கக்கா. சாக்குன்னு தெரிஞ்சேதான் குடிச்சேன். அது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "நல்லா இருந்துச்சு தண்ணி."

அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் தன் கையைப் பார்த்தாள். குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது, வந்துகொண்டிருந்தது.

டி.வி.யின் மூலையில் எண் சைபரைத் தொட்டது. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் கைதட்டினார். பிறகு சோப்பு விளம்பரம் வந்தது.

"ஒத்திவைச்சாச்சு," என்றார் கிளார்க் யாரையும் பார்க்காமல்.

டாக்டர் இரண்டாம் முறை வந்தபோது கையில் ஒரு தாள் இருந்தது. நேராக அவள் நாற்காலிக்கு வந்து குனிந்தார்.

"நல்ல சேதி. ஒத்துப்போகுது. சண்டையே இல்ல. உங்க தம்பிக்கு நாங்க போன் பண்ணிச் சொல்லிடட்டுமா?"

சிஸ்டர் டிரைவரின் அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் கை நின்றது.

"வேண்டாம் டாக்டர்," என்றாள் அவள். "நான் சொல்லிக்கிறேன். என் வாயால."

சிஸ்டரின் கை மறுபடி வேலையைத் தொடர்ந்தது.

அவள் மெஷின் ஒலித்தபோது டிரைவரை வார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கிளார்க் கும்பிட்டுவிட்டுப் போனார். இன்று வாயைத் திறக்கவில்லை, கும்பிடு மட்டும். சிஸ்டர் ஊசிகளை எடுத்தார், பஞ்சு வைத்தார், டிரைவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைக்க மருந்து எடுத்துவரப் போனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி மனைவி வந்தாள். படியேறி வந்த மூச்சு. ஒரு கை இடுப்பில்.

"அவன் எங்கம்மா?"

"கீழ இருக்காரு அண்ணி. இங்க லிஃப்ட் சத்தம் சரியில்லையாம். என்னன்னு பார்த்துட்டுத்தான் வருவேன்னு அங்கயே நின்னுட்டாரு. யாரோட ஆஸ்பத்திரி, யாரோட லிஃப்ட். நான் படியில வந்துட்டேன்."

அவள் எழுந்து, கிளம்பும்முன் பார்க்கும் எடைக்குத் தராசில் ஏறினாள். எண் நின்றது. இறங்கினாள். தம்பி மனைவி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள், முடிவு அதில்தான் எழுதியிருக்கிறது என்பதுபோல.

"சொல்லிட்டாங்களா அண்ணி?"

"சொல்லிட்டாங்க."

தம்பி மனைவி காத்திருந்தாள்.

"ஒத்துப்போகுது," என்றாள் அவள்.

தம்பி மனைவியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "நல்லது அண்ணி," என்றாள். "கடவுள் புண்ணியத்துல நல்லது." சுற்றும் முற்றும் பார்த்தாள். கை கழுவும் தொட்டி கதவுப் பக்கம் இருந்தது. அங்கே போனாள். முதுகைக் காட்டிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அழுக்கில்லாத கையைக் கழுவத் தொடங்கினாள். விரல் விரலாகக் கழுவினாள்.

கீழே எங்கேயோ லிஃப்ட் கதவு திறந்து மூடியது. பிறகு அது ஏறத் தொடங்கியது. இப்போது சத்தம் சீராக இருந்தது.

அவள் நடந்து போய்க் கையை நீட்டிக் குழாயை மூடினாள்.

"அன்னிக்குப் பாத்திரத்தைப் பார்த்துச் சுத்தி வளைச்சுக் கேட்டியே, அதை இப்ப நேரா என்னைப் பார்த்துக் கேளும்மா. அவன் வர்றதுக்குள்ள கேளு, நான் பதில் சொல்றேன்."